இடது காலுக்கும் கொஞ்சம் வேலை கொடுங்க சார்

கையால் கியர் போடுகிற ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவன் ஒன்று கஞ்சனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிறுக்கனாக இருக்க வேண்டும் என்பது எங்கள் புனே ஆபீஸ் கேன்டீனில் என்றைக்கோ தீர்ப்பாகிவிட்ட விஷயம். நான் பெட்ரோலுக்குச் செலவழிப்பதைப் பார்த்து முதல் சந்தேகத்தை அவர்களே நீக்கிவிட்டார்கள். மிச்சம் இருப்பது இரண்டாவது. அதற்குத்தான் இந்த வாய்தா.

முதலில் எதையெல்லாம் ஒத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் ஆறரை மணிக்கு ஹிஞ்சவடியிலிருந்து வெளியே வருகிற எவனுக்கும் கிளட்ச் ஒரு தண்டனைதான். இரண்டு கிலோமீட்டருக்குள் நூறு தடவை மிதித்து, ஹாஃப் கிளட்சிலேயே ஊர்ந்து, வீட்டுக்கு வந்து இடது முட்டிக்கு ஐயோடெக்ஸ் தேய்ப்பதில் எந்த வீரமும் கிடையாது. 2014-ல் மாருதி செலேரியோவில் ஏ.எம்.டி வந்தபோது நம்ம ஊர் நடுத்தர வர்க்கம் கையெடுத்துக் கும்பிட்டது நியாயமே. (அதுவும் உள்ளே அதே பழைய மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதிக்கவும் கியரைத் தள்ளவும் நமக்குப் பதிலாக ஒரு யந்திரக் கை. புதிதாக வண்டி பழகுகிற பையன் மாதிரி ஒவ்வொரு கியருக்கும் ஒரு முறை தலையாட்டும், அவ்வளவே.) வீட்டுக்காரம்மா ஓட்டுவது ஆட்டோமேட்டிக். வேலை நாளில் நானும் அதைத்தான் கெஞ்சி வாங்கிக்கொண்டு போகிறேன்.

ஆகவே ஆபீஸ் போய் வருகிற கார் எதுவாக இருக்க வேண்டும் என்பது இங்கே பிரச்சினையே இல்லை. எங்கேயும் போக வேண்டிய அவசியம் இல்லாமல், ஓட்டுவதற்காகவே ஓட்டுகிற ஒரு கார் உண்டே, அதைப் பற்றித்தான் பேச்சு. அந்தக் காரில் மூன்று பெடல் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

'ஸ்போர்ட்ஸ் கார்' என்றதும் யாரும் ஃபெராரியைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். சம்பளக்காரனுக்கு இந்த நாட்டில் ஸ்போர்ட்ஸ் கார் என்ற ஜாதி ஏறக்குறைய வாய்த்ததே இல்லை. உலகம் முழுக்கக் கொண்டாடுகிற மஸ்டா எம்.எக்ஸ்-5 என்று ஒன்று இருக்கிறது. 1989-ல் வந்தது, இரண்டே சீட்டு, துணிக்கூரை, ஆயிரம் கிலோவுக்குள் எடை, 1.6 லிட்டர் என்ஜின். பெரிய சக்தியெல்லாம் இல்லை. 2016-ல் பத்து லட்சமாவது கார் தயாராகி வெளியே வந்தது. அது இந்தியாவுக்கு அதிகாரபூர்வமாக வந்ததே கிடையாது. நமக்குக் கிடைத்தது 1990-களின் கடைசியில் கோவாவில் சான் மோட்டார்ஸ் செய்த சான் ஸ்டார்ம். ஃபைபர் உடம்பு, 60 குதிரைத்திறன் ரெனோ என்ஜின். எத்தனை பேருக்கு அந்தப் பெயராவது ஞாபகம் இருக்கிறது? அதனால் நம் ஊரில் இந்த ஆசைக்காரர்கள் எல்லோரும் கொஞ்சம் சூடேற்றிய குட்டிக் கார்களில்தான் தஞ்சம் புகுந்தோம். பாலியோ 1.6, ஃபியஸ்டா 1.6 எஸ், 150 குதிரைத்திறனோடு வந்த பழைய ஆக்டேவியா ஆர்.எஸ், போலோ ஜி.டி. டி.டி.ஐ. என்னிடம் இருப்பது அந்த வரிசையில் ஒன்று, செகண்ட் ஹாண்டில் வாங்கிய ஃபியட் அபார்த் புன்ட்டோ. 2015 அக்டோபரில் ஃபியட் விட்ட வண்டி. 1.4 லிட்டர் டர்போ, 145 குதிரைத்திறன், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், ஐந்து கியர். அப்போதைய டெல்லி விலை பத்து லட்சத்துக்கு ஒரு பிடி கீழே. செய்தது இங்கேதான், புனேக்குப் பக்கத்தில் ராஞ்சண்காவ் தொழிற்சாலையில்.

அப்பா போனில் கேட்ட முதல் கேள்வி: "மைலேஜ் என்ன குடுக்குதுப்பா?"

"ஓட்டறதைப் பொறுத்துப்பா. எட்டு, ஒன்பது."

அப்புறம் கொஞ்ச நேரம் லைனில் சத்தமே இல்லை.

நம்மில் பல பேருக்கு இந்த ஆசை எங்கே தொடங்கியது என்று யோசித்தால், கார் கம்பெனி விளம்பரத்தில் தொடங்கியிருக்காது. பஸ்ஸில் தொடங்கியிருக்கும். டிரைவருக்குப் பக்கத்தில், என்ஜின் மூடிக்கு இடது பக்கம் இருக்கிற அந்த ஒற்றை சீட்டுக்கு அடித்துப் பிடித்துப் போனவர்களுக்கு நான் சொல்வது புரியும். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை போகிற வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவு. முழங்கை உயரத்துக்கு ஒரு கியர் ராடு, அது பாட்டுக்கு நடுங்கிக்கொண்டே இருக்கும். வளைவு நெருங்கியதும் டிரைவர் அதைப் பிடித்து நியூட்ரலுக்குத் தள்ளுவார். கிளட்சை விட்டு ஆக்ஸிலரேட்டரை ஒரு மிதி. என்ஜின் 'ஊம்' என்று ஒரு குரல் கொடுக்கும். மறுபடி கிளட்ச், ராடு கீழே விழும். டபுள் கிளட்ச். பழைய கியர்பாக்ஸில் பல்சக்கரங்களின் வேகத்தைச் சமன்செய்து தருகிற ஏற்பாடு சரியாக இருக்காது என்பதால், அந்த வேலையை டிரைவர் காதை வைத்தே செய்தார். தப்பினால் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம் வரும், பின் சீட்டில் வெற்றிலை போடுகிற பாட்டி வரைக்கும் திரும்பிப் பார்ப்பார்கள். தப்பாதவர்களை நாங்கள் சினிமா நடிகர்களுக்கு ஒரு படி மேலே வைத்திருந்தோம். அவர் என்ன, மணிக்கு 25 கிலோமீட்டரில் போயிருப்பார். அந்தக் காட்சியில் வேகம் எங்கேயாவது இருந்ததா?

இதைத்தான் கேன்டீனில் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. மேனுவல் ஸ்போர்ட்ஸ் காரின் சந்தோஷத்துக்கும் ஸ்பீடாமீட்டருக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது.

என்ன நடக்கிறது என்று கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். புனேயிலிருந்து பெங்களூர் ஹைவேயில் கம்பாட்கி காட் தாண்டி வலது பக்கம் திரும்பினால் வாய் என்று ஒரு ஊர் வரும். (சிரிக்காதீர்கள், ஊர் பேரே அதுதான். கிருஷ்ணா நதிக்கரையில் இருக்கிற கோயில் ஊர்.) வாயிலிருந்து பாஞ்ச்கனிக்கு ஏறுகிற மலைச்சாலைக்கு பசர்ணி காட் என்று பெயர். ஐநூறு, அறுநூறு மீட்டர் உயரம் ஏறவேண்டும். மூன்றாவது கியரில் ஐம்பதில் வருகிறீர்கள். முன்னால் ஒரு கொண்டை ஊசி. அதற்கு இருபத்தைந்து, முப்பதுதான் தாங்கும், இரண்டாவது கியர் வேண்டும். வலது கால் பிரேக்கில். இடது கால் கிளட்சை அமுக்குகிறது. இடது கை மூன்றிலிருந்து இரண்டுக்கு இழுக்கிறது. இங்கேதான் சூட்சுமம். அதே சாலை வேகத்துக்கு மூன்றாவது கியரில் என்ஜின் 2000 சுற்று சுற்றுகிறது என்றால் இரண்டாவதில் ஏறக்குறைய 3000 சுற்ற வேண்டும். அந்த ஆயிரம் சுற்றை யார் கொடுப்பது? கிளட்சைச் சும்மா விட்டால் சக்கரங்கள்தான் என்ஜினை இழுத்துக் கொடுக்கும். வண்டி முன்னால் ஒரு முக்கு முக்கும், பக்கத்து சீட்டில் இருப்பவர் முறைப்பார். மழைத் தரையில் முன்சக்கரம் பிடி விடுவதற்கும் அந்த ஒரு உதறல் போதும். அதனால் பிரேக்கில் இருக்கிற வலது காலை எடுக்காமலே, அதே பாதத்தின் வெளி ஓரத்தால் ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டு தட்ட வேண்டும். என்ஜின் சுற்று ஏறிய அந்தக் கணத்தில் கிளட்ச் வெளியே வர வேண்டும். சரியாக வந்தால் ஒன்றுமே தெரியாது. கியர் மாறியது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியவே கூடாது.

மொத்தம் ஒரு விநாடி வேலை. ஒரு கை, இரண்டு கால், ஒரு காது, கண் வளைவின் மேல். இன்னொரு கை ஸ்டியரிங்கில். புன்ட்டோவில் ஹைட்ராலிக் ஸ்டியரிங் என்பதால் தரையின் சொரசொரப்பு உள்ளங்கைக்கு வந்து சேரும். அந்த ஒரு விநாடியில் மேனேஜரின் மெயில் ஞாபகம் வராது. ஈ.எம்.ஐ ஞாபகம் வராது. தியானத்துக்கு என்று நகரத்தில் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று விசாரித்துவிட்டு பெட்ரோல் செலவைப் பேசுங்கள் :-)

பத்து வளைவில் ஏழு சுமாராக வரும், இரண்டு மோசமாக வரும். ஒன்று வெண்ணெயில் கத்தி இறங்கின மாதிரி வரும். அந்த ஒன்றுக்காகத்தான் காலை நாலரைக்கு அலாரம். ஆட்டோமேட்டிக்கில் பத்தும் ஒரே மாதிரி வரும். அதன் பெருமையும் அதுதான், எனக்கு அதன் மேல் உள்ள குறையும் அதுதான்.

"பேடில் ஷிஃப்ட் இருக்கே, ஸ்டியரிங்குக்குப் பின்னாடி தட்டினா கியர் மாறிடுமே, அதுவும் நீதானே மாத்தறே?" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. அது பந்தயத்திலிருந்து வந்தது. 1989-ல் ஃபெராரி 640 என்ற ஃபார்முலா ஒன் காரில் முதலில் அதைப் போட்டார்கள். நைஜல் மேன்செல் முதல் பந்தயத்திலேயே பிரேசிலில் ஜெயித்துவிட்டார். அன்றைக்கே மனிதக் கை தோற்றுவிட்டது. இன்றைய இரட்டை கிளட்ச் பெட்டிகள் கியர் மாற்றுகிற வேகத்துக்கு எந்தக் கொம்பனும் ஈடு கொடுக்க முடியாது. பந்தயக்காரனுக்கு நேரம்தான் கணக்கு, அவன் அதை எடுத்துக்கொள்ளட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மலை ஏறுகிறவனுக்கு எந்த ஸ்டாப்வாட்ச்? லிஃப்ட் பொத்தானையும் நாம்தான் அமுக்குகிறோம். அதற்காக 'மாடி ஏறினேன்' என்று யாராவது சொல்வார்களா?

இது தனிப்பட்ட கிறுக்கு இல்லை என்பதற்கு போர்ஷேவே சாட்சி. 2013-ல் புது 911 ஜி.டி.3 விட்டபோது, இனி மேனுவல் கிடையாது, தானியங்கிதான் வேகம் என்று சொல்லிவிட்டார்கள். வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள். 2016-ல் 911 ஆர் என்று 991 வண்டி மட்டும் மேனுவலில் செய்தார்கள். 2017-ல் ஜி.டி.3-க்கே மேனுவல் திரும்பி வந்தது. அவ்வளவு ஏன், கிளட்ச் பெடல் இல்லாமல் வெறும் கியர் ராடு மட்டும் வைத்து 2021-ல் இந்தியாவில் ஐ20 என் லைன் விற்ற ஹூண்டாய், 2023-ல் முழு மேனுவலுக்கே திரும்பியது. இதே ஹூண்டாய்தான் அயானிக் 5 என் என்ற மின்சாரக் காரில், கியரே இல்லாத வண்டியில், கியர் மாறுகிற மாதிரி ஒரு உதறலும் சத்தமும் செயற்கையாக வைத்திருக்கிறது. பாலில்லாத டீக்கு ஆடை வரைந்து வைத்த மாதிரி. கேலி செய்தாலும் ஒன்று புரிகிறது: எதையோ இழந்துகொண்டிருக்கிறோம் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

இதுவரைக்கும் சொன்னது லேசான பகுதி. இனிமேல் சொல்வது லேசானது இல்லை.

புனேயில் உட்கார்ந்துகொண்டு 'ஸ்போர்ட்ஸ் கார்', 'சந்தோஷத்துக்காக ஓட்டுவது' என்ற வார்த்தைகளைச் சத்தமாகச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. 2024 மே 19, அதிகாலை, கல்யாணி நகர். பதினேழு வயதுப் பையன் ஓட்டி வந்ததாகச் சொல்லப்பட்ட போர்ஷே டைகான் ஒரு மோட்டார் சைக்கிளில் மோதி இரண்டு பேர் இறந்தார்கள். இரண்டு பேருக்கும் வயது 24, இரண்டு பேரும் மத்தியப் பிரதேசத்திலிருந்து இங்கே ஐ.டி. வேலைக்கு வந்தவர்கள். நம்மை மாதிரியே ஊரை விட்டு வந்து, நம்மை மாதிரியே பி.ஜி.யிலும் ஃப்ளாட்டிலும் குடியிருக்கிறவர்கள். பையன் குடித்திருந்தான் என்பது குற்றச்சாட்டு. காருக்கு நிரந்தரப் பதிவே இல்லை. ஜாமீனில் விட்ட சிறார் வாரியம் போட்ட நிபந்தனைகளில் ஒன்று, விபத்தைப் பற்றி 300 வார்த்தையில் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்பது. அந்த வாரம் முழுக்க ஆபீஸில் வேறு பேச்சில்லை. என் வண்டியைப் பார்க்கிங்கில் பார்த்துவிட்டு ஒரு சகா, நல்ல பையன், நேராகவே கேட்டான்: நீயும் அந்த வகைதானே?

கோபம் வரவில்லை. நியாயமான கேள்வி. இந்த நாட்டில் 2022-ல் மட்டும் சாலையில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கையே சொல்கிறது. அப்படிப்பட்ட சாலையில் 'எனக்கு ஓட்டுவது சந்தோஷம்' என்று ஒருவன் வருகிறான் என்றால், எதிரே டி.வி.எஸ் எக்ஸ்.எல்லில் பால் கேன் கட்டிக்கொண்டு வருகிறவருக்கு அவனைக் கேள்வி கேட்க உரிமை உண்டு.

என் பதில் இது. மேனுவலாக இருந்திருந்தால் அது நடந்திருக்காது என்று சொல்ல மாட்டேன், அது முட்டாள்தனம். குடித்தவன் கையில் மாட்டுவண்டியும் ஆயுதம்தான். ஆனால் இன்பத்தில் இரண்டு ரகம் இருக்கிறது. வலது காலை ஒரே அமுக்கு அமுக்கினால் மூன்று, நான்கு விநாடியில் நூறைத் தொடும் வண்டிகள் இன்று பணம் இருந்தால் யாருக்கும் கிடைக்கின்றன. ஓட்டுகிறவனிடம் அந்த வேகம் எதையும் கேட்பதில்லை. பயிற்சி கேட்பதில்லை, கவனம் கேட்பதில்லை. அதில் இருக்கிற ஒரே ருசி வேகம். அது பழகிவிட்டால் இன்னும் வேகம்தான் வேண்டும். மேனுவல் சின்னக் காரில் ருசி வேறு இடத்தில் இருக்கிறது. முப்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில், வளைவில், காலடியில். நேர்சாலையில் நூற்றிருபதில் போனால் டாப் கியரில் செய்ய ஒன்றுமே இல்லை, எனக்குத் தூக்கம்தான் வரும். எக்ஸ்பிரஸ்வேயில் நான் ஓட்டுவதைப் பார்த்தால் ஆட்டோமேட்டிக் நண்பர்கள் சிரிப்பார்கள்.

அதற்காக நம் கட்சிக்காரர்கள் எல்லோரும் சாதுக்கள் என்று சான்றிதழ் தர முடியாது. 145 குதிரைத்திறனும் ஆளைக் கொல்லும். மலைச்சாலையில் ரீல்ஸ் எடுக்கிறேன் என்று கூட்டமாக வந்து இரட்டைக் கோட்டைத் தாண்டி ஏறுகிற கோஷ்டியை பசர்ணியிலேயே பார்த்திருக்கிறேன். அவர்கள் கையிலும் கியர் ராடு இருந்தது. என்னைப் பொறுத்தவரை சில வரைமுறைகள் வைத்திருக்கிறேன். விடிந்த பிறகுதான் மலை, இருட்டில் கிடையாது. மும்பை டூரிஸ்ட் வண்டிகள் எட்டு மணிக்கு மேல் ஏறத் தொடங்கும், அதற்குள் மேலே போய் டீ குடித்தாகிவிட வேண்டும். என் பாதி ரோட்டைத் தாண்டமாட்டேன். பந்தயம் கிடையாது, பின்னால் ஒருவன் ஒட்டிக்கொண்டு வந்தால் ஒதுங்கி வழிவிடுவேன். ஜூலை, ஆகஸ்டில் மூடுபனியும் மழையும் சேர்ந்து பத்தடிக்கு மேல் தெரியாது, அப்போது வண்டி உறையைப் போட்டுக்கொண்டு தூங்கும். இறங்கும்போது பழைய லாரிக்காரர்கள் சொல்கிற அதே விதி: எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. பிரேக்கைத் தேய்க்காமல் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்.

உண்மையிலேயே வண்டியின் எல்லையைப் பார்க்க ஆசையா? அதற்கு ரோடு இடம் இல்லை, டிராக்தான். அதில் நம் ஊர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். பெயர் சொல்லும்படியாக நாட்டில் இருக்கிற மூன்று பந்தயத் தடங்களில் இரண்டு தமிழ்நாட்டில். ஒன்று ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில். இன்னொன்று கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே. மாருதி 800 என்ஜினை வைத்து ஒற்றை சீட் பந்தயக் கார் செய்து, ஃபார்முலா மாருதி என்று ஒரு தலைமுறைக்கே ஓட்டக் கற்றுக்கொடுத்த கரிவர்தன் பெயரால் அமைந்தது. 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். 2005-ல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரான நாராயண் கார்த்திகேயனும் ஃபார்முலா மாருதியில் ஓட்டியவர்தான். மூன்றாவது தடம் கிரேட்டர் நொய்டாவில். எனக்கு மூன்றும் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். தீபாவளிக்கு ஊருக்குப் போகிற சாக்கில் வண்டியிலேயே போய் செட்டிபாளையத்தில் ஒரு நாள் ஓட்டிவிட்டு வரலாம் என்று திட்டம் போட்டிருக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

சரி, இப்போது ஒருவன் இந்த ஆசையோடு வந்தால் என்ன வாங்குவது? 2020-ல் பி.எஸ்.6 விதி வந்தபோது ஃபியட் இந்தியச் சந்தையிலேயே இல்லை. ஃபோர்டு 2021-ல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. நம் மறைமலைநகர் தொழிற்சாலையும் மறு வருடம் கார் செய்வதை நிறுத்தியது. போலோ 2022-ல் முடிந்தது. புதிதாக வந்தவற்றில் 2024-ன் அல்ட்ராஸ் ரேசருக்கு 120 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவல், பாராட்ட வேண்டிய முயற்சி. பி.எம்.டபிள்யூ எம்2 2023-ல் மேனுவலோடு வந்தது, ஏறக்குறைய ஒரு கோடி. அந்தப் பக்கம் நாம் போக வேண்டாம். மிச்சம் எல்லாம் செகண்ட் ஹாண்ட் மார்க்கெட்தான். அபார்த் வாங்குவதாக இருந்தால் வண்டியைப் பார்க்கும் முன்பு, வேலை தெரிந்த ஒரு ஃபியட் மெக்கானிக்கைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டிப் பார்க்கும்போது நான்காவது கியரில் போட்டு மெதுவாகப் போய் ஒரே அமுக்காக மிதியுங்கள். என்ஜின் சுற்று ஏறி வண்டி ஏறவில்லை என்றால் கிளட்ச் பிளேட் போயாச்சு, விலையில் அதைக் குறைத்துக் கேளுங்கள். இரண்டாயிரம் சுற்றுக்குக் கீழே டர்போ தூங்குவது அதன் சுபாவம், அதை ரிப்பேர் என்று சொல்லி யாராவது காசு கேட்டால் நம்பாதீர்கள்.